மூன்று பவுண்டோடு ஐரோப்பா

முதுகில் ஒரு பை, விடுதியில் ஒரு கட்டில், சாப்பாட்டுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் என்று ஐரோப்பிய நகரங்களைச் சுற்றி வருவது இன்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பழக்கமாகிவிட்டது. திருமங்கலத்தில் என் தெருவிலேயே இரண்டு பேர் அப்படிப் போய் வந்திருக்கிறார்கள். 'பேக்பேக்கிங்' என்கிறார்கள். செல்போனோடு சேர்ந்து வந்த புதுப்பழக்கம் என்பது அவர்கள் எண்ணம்.

உண்மையில் கையில் குறைந்த காசோடு முன்பின் தெரியாத ஐரோப்பிய நகரத்தில் போய் இறங்கிய நம்மவர்களின் கதை நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் பழையது. அதிலும் நடுவில் ஒரு காலம் இருந்தது. வீட்டில் பணம் உள்ளவனும் அங்கே ஏழையாகத்தான் போய் இறங்க வேண்டும். நம் அரசாங்கத்தின் விதி அப்படி. என் வயதுக்காரர்களுக்கு அது நினைவிருக்கும். அடுத்த தலைமுறைக்குச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆகவே எழுதி வைக்கிறேன்.

மதுரைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஒருவரிலிருந்து தொடங்கலாம். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது அரையாடைக்கு மாறிய காந்தியடிகள், அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் லண்டனில் சட்டம் படித்த மாணவர். தாய்க்குக் கொடுத்த வாக்கினால் மாமிசம் தொட மாட்டார். சைவச் சாப்பாட்டுக் கடை தேடி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்ததாகச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். நம் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு நடக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவக் கடை அகப்பட்டது. பிறகு செலவைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒற்றை அறையில் தானே கஞ்சி காய்ச்சிக் குடித்து, ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் ஒரு நாளை ஓட்டக் கற்றுக்கொண்டார்.

அந்த மாணவர் ஐஃபல் கோபுரம் புதிதாக எழும்பியிருந்த சமயம் உலகப் பொருட்காட்சி பார்க்க பாரிஸ் போனார். அங்கும் ஒரு சைவ உணவு விடுதி இருப்பதாகக் கேள்விப்பட்டு அதிலேயே அறை எடுத்து ஏழு நாள் தங்கினார். கையில் நகரத்தின் வரைபடம் ஒன்று, பொருட்காட்சியின் வழிகாட்டி ஒன்று. பெரும்பாலும் நடைதான். இன்றைய பிள்ளைகள் செய்வதில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? ஒரே ஒரு ஊதாரிச் செலவு: கோபுரத்தின் முதல் தளத்து உணவகத்தில், இவ்வளவு உயரத்தில் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஏழு ஷில்லிங் கொடுத்துச் சாப்பிட்டார். அவருடைய சிக்கனக் கணக்கில் அது ஐந்தரை நாள் சாப்பாடு. மகாத்மாவுக்கே அந்த ஆசை இருந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்து நம் தமிழர்கள். சிக்கனத்துக்குப் பேர்போன பெரியார் 1931 டிசம்பர் 13 அன்று சென்னையில் 'அம்புவாஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் ஏறினார். உடன் எஸ். இராமநாதனும் ஈரோடு இராமுவும். எகிப்து, துருக்கி, ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின் என்று சுற்றி அவர் ஈரோடு திரும்பியது 1932 நவம்பரில். ஏறத்தாழ பதினொரு மாதம். இயக்கத் தோழமைதான் அவருக்கு அங்கே ஊர்க்காரர். இங்கிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சக்லத்வாலாவைப் போன்றவர்கள் வரவேற்றார்கள்.

இன்னொருவர் கோட்டையூர் ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தபோது, காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. வயது முப்பது ஆகவில்லை. அரசாங்க உதவி கிடையாது. ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகள் அலைந்து, ஏறக்குறைய நூறு பேர் வெவ்வேறு காலங்களில் எடுத்த படச்சுருள்களிலிருந்து சுமார் 50,000 அடி சேகரித்தார். படம் 1940இல் வெளியாயிற்று. அவருடைய பயண நூலான 'உலகம் சுற்றும் தமிழன்' எங்கள் தலைமுறையில் பலருக்கு முதல் ஐரோப்பிய வழிகாட்டி. அந்த எழுத்தில் 'நான்' குறைவு, பார்த்த மனிதர்கள் அதிகம்.

இவர்கள் காலத்தில் பணம் குறைவாக இருக்கலாம். ஆனால் இருக்கிற பணத்தைக் கொண்டுபோகப் பெரிய தடை இல்லை. ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்ட நாணயம். சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழாயிற்று.

போர்க்காலத்தில் பிரிட்டன் நமக்குப் பட்ட கடன், பவுண்டுக் கணக்கில் லண்டனில் சேர்ந்திருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956இல் தொடங்கி, எஃகு ஆலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் பணம் போனதும் அந்தக் கையிருப்பு வேகமாகக் கரைந்தது. 1957-58இல் அந்நியச் செலாவணி நெருக்கடி. அதன்பின் ஒவ்வொரு பவுண்டும் எண்ணிக் கொடுக்கப்பட்டது. ஊர் பார்க்கப் போகிறேன் என்றால் செலாவணி கிடையாது. படிப்பு, வைத்தியம், வியாபாரம் போன்ற காரணம் காட்ட வேண்டும். மற்றவர்கள் கையில் கொண்டுபோகலாம் என்று அறுபதுகளில் அனுமதிக்கப்பட்டது மூன்று பவுண்டு. பிறகு அதுவே எட்டு டாலர் ஆயிற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். 1967 வரை ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர். மூன்று பவுண்டு என்றால் 8.40 டாலர். 1966 ஜூனில் ரூபாய் மதிப்பைக் குறைப்பதற்கு முன் ஒரு பவுண்டு பதின்மூன்று ரூபாய் சொச்சம். ஆக மூன்று பவுண்டு என்பது நாற்பது ரூபாய். மதிப்புக் குறைப்புக்குப் பின் டாலர் 7.50 ரூபாய். எட்டு டாலருக்கு அறுபது ரூபாய். அவ்வளவுதான் ஒரு மனிதன் கண்டம் விட்டுக் கண்டம் போகக் கையில் வைத்திருக்கலாம்.

1957இல் அமெரிக்காவில் ஆர்தர் ஃப்ராமர் என்பவர் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். நாளொன்றுக்கு ஐந்து டாலரில் ஐரோப்பாவைச் சுற்றுவது எப்படி என்பது பொருள். சிக்கனப் பயணத்தின் வேதம் என்று அதைக் கொண்டாடினார்கள். அவர்களுடைய சிக்கனக் கணக்கில் நம்மவனின் மொத்தக் கைக்காசு இரண்டு நாளைக்குக்கூடக் காணாது.

பணம் மட்டுமல்ல, டிக்கெட் வாங்கவே 'பி ஃபாரம்' என்று ஒன்று வேண்டும். ரிசர்வ் வங்கி அனுமதிக்காமல் கப்பல் கம்பெனியோ விமானக் கம்பெனியோ டிக்கெட் தராது. அங்கே உங்களை வைத்துச் சோறு போடப்போவது யார், அவருக்கு வருமானம் உண்டா என்று கடிதம் காட்ட வேண்டும். அதற்கும் முன்னால் பாஸ்போர்ட். 1967 வரை அது அரசாங்கம் விரும்பினால் தருகிற சலுகை. அந்த ஆண்டு ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட் சட்டமே வந்தது.

நான் வேலை நிமித்தம் மதுரை மாவட்டத்துக்கு வந்து திருமங்கலத்தில் தங்கிவிட்டவன். பள்ளிப்படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எழுபதுகளில் இந்தப் பக்கத்தில் பிரெஞ்சு தெரிந்த குமாஸ்தா அபூர்வம் என்பதால், பிரான்ஸிலிருந்து வரும் அழைப்புக் கடிதங்களைத் தமிழில் சொல்லச் சிலர் என்னிடம் கொண்டுவருவார்கள். அந்தக் காகிதங்களைப் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்த விதி ஏழை, பணக்காரன் என்று பார்க்கவில்லை. அங்கே ஆள் உள்ளவன், ஆள் இல்லாதவன் என்று பிரித்தது. மாமனோ மச்சானோ லண்டனில் இருந்தால் போகலாம். நல்ல படிப்பும் சேமிப்பும் இருந்து, அயலூரில் ஒருவரையும் தெரியாத பள்ளிக்கூட வாத்தியார் போக முடியாது. அவர் 1969 தீபாவளிக்கு வந்த 'சிவந்த மண்' படத்தில் ஐரோப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அல்லது ஆனந்த விகடனில் மணியன் எழுதிய பயணத் தொடரைப் படித்துக்கொள்ளலாம்.

போனவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகிறவர்கள் ரூபாயில் வாங்கிய டிக்கெட்டிலேயே வழியில் ரோம், பாரிஸ் என்று இறங்கி ஏறிக்கொள்ள இடம் உண்டு. பம்பாயிலிருந்து கப்பலில் இத்தாலிக்குப் போய், அங்கிருந்து ரயிலில் லண்டன் போனவர்களும் உண்டு. கப்பலில் சாப்பாடு டிக்கெட்டோடு சேர்த்தி. கரை இறங்கியதும்தான் சோதனை. மூன்று பவுண்டில் ஒரு பகுதியை முதல் நாளே பெட்டி வைக்கவும் தேநீருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை லண்டன் வரை பத்திரப்படுத்த வேண்டும். லண்டனில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இந்திய மாணவர்களுக்கான ஒய்.எம்.சி.ஏ. விடுதி இருந்தது. பசித்தால் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் சீக்கியர்களின் குருத்வாரா. அங்கே எந்த மதம் என்று கேட்காமல் சோறு போடுவார்கள். இங்கே குடும்பத்தார் ஒருவரிடம் ரூபாய் கொடுக்க, அங்கே அவருடைய உறவினர் பவுண்டு கொடுப்பதும் நடந்தது. சட்டப்படி அது குற்றம். ஆனாலும் நடந்தது.

அதே காலத்தில் மூன்று பவுண்டும் வேண்டாம் என்று போன இருவர் உண்டு. சதீஷ் குமார், இ.பி. மேனன் என்ற இரு இளைஞர்கள். அணு ஆயுதத்தை எதிர்த்து, 1962 ஜூன் 1 அன்று டெல்லியில் காந்தி சமாதியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். வினோபா பாவே சொன்னபடி கையில் ஒரு காசும் இல்லை. சைவம் மட்டும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாக மாஸ்கோ, பிறகு பாரிஸ், லண்டன், வாஷிங்டன். ஜார்ஜியாவில் தேயிலைத் தொழிற்சாலைப் பெண்கள் நான்கு பொட்டலம் தேயிலை கொடுத்தார்கள். அணுகுண்டு வைத்திருக்கும் நான்கு நாட்டுத் தலைவர்களுக்கு ஒவ்வொன்று. பொத்தானை அழுத்தும் நினைப்பு வந்தால் முதலில் ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கட்டும் என்றார்களாம். பாரிஸில் அதிபர் மாளிகை முன் ஆர்ப்பாட்டம் செய்ததற்கு இவர்களைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். அங்கேயாவது தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.

எதிர்த் திசையில் அப்போது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல், காபூல் வழியாகத் தரை மார்க்கமாக இந்தியா வந்தார்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டு லாட்ஜுகளில் அவர்களைப் பார்க்கலாம். சில நூறு டாலர் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தார்கள். 1979இல் ஈரான் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் ரஷ்யப் படையும் வந்து அந்தப் பாதை மூடும் வரை இது நடந்தது. ஒரே வயது, ஒரே ஆசை. அவர்களுக்குத் திறந்திருந்த பாதை நம்மவர்களுக்கு இல்லை.

பிறகு விதி சற்று இளகியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் பார்க்கவென்றே 500 டாலர் வரை வாங்கலாம் என்று வந்தது. அந்தத் திட்டத்தில்தான் 1988 செப்டம்பரில் நான் பாரிஸ் போனேன். பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, அங்கே பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு கையெழுத்தில் பெரியப்பா மகன் பாரிஸ் புறநகரில் குடியேற, நான் இங்கே குமாஸ்தா ஆனேன். அந்த அண்ணன்தான் டிக்கெட் எடுத்து அனுப்பினார். அரசு ஊழியன் என்பதால் தடையின்மைச் சான்று வாங்க என் விண்ணப்பம் மேசைக்கு மேசை நகர்ந்து நான்கு மாதம் ஆயிற்று. 500 டாலருக்கு அனுமதி இருந்தும் என் சேமிப்பில் வாங்க முடிந்தது 200 டாலர்.

பாரிஸை நான் பள்ளிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். அதில் ஒன்று உண்மையிலேயே உதவியது. அங்கே வீட்டு எண்களுக்கு 1805ஆம் ஆண்டிலிருந்து ஓர் ஒழுங்கு உண்டு. சேன் நதிக்குக் குறுக்காகப் போகும் தெருக்களில் எண் நதிக்கரையிலிருந்து தொடங்கும். நதியோடு போகும் தெருக்களில் நீரோட்டத் திசையில் ஏறும். இரட்டை எண்கள் வலப்பக்கம். வழி தவறினால், குறுக்காகப் போகும் தெருவில் வீட்டு எண் குறைகிற பக்கம் நடந்தால் நதி வந்துவிடும். நதி தெரிந்தால் ஊர் தெரியும். ஒரு நாள் இரவு கடைசி மெட்ரோ போன பிறகு இந்தக் கணக்கில்தான் நடந்து சேர்ந்தேன்.

இன்னொன்று தண்ணீர். 1872இல் ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் தம் செலவில் அந்த நகரத்துக்குக் குடிநீர்க் குழாய்த் தூண்கள் வைத்துக் கொடுத்தார். பச்சை வண்ணத்தில் வார்ப்பிரும்பு, நான்கு பெண் உருவங்கள் கூரையைத் தாங்கும். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் போலத்தான், ஆனால் குளிர்காலத்தில் உறைந்துபோகும் என்று மூடிவிடுவார்கள். நான் போனது செப்டம்பர். காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கவில்லை. கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர் மதாம்' என்று சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும் என்பதும் பள்ளியில் படித்ததுதான். அதைச் சொல்லாதவனிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். சொன்னவனுக்கு மலிவான ரொட்டி எந்தத் தெருவில் என்பதுகூடக் கிடைக்கும்.

கஷ்டமும் இருந்தது. அண்ணன் வீடு இரண்டு அறை. அண்ணியின் பெற்றோர் வந்த மூன்று நாள் நான் ஒரு மலிவு விடுதிக்கு மாறினேன். எட்டுக் கட்டில் போட்ட அறை. காலை பத்து மணிக்கு எல்லோரையும் வெளியேற்றிப் பூட்டினால் மாலை ஐந்துக்குத்தான் திறப்பார்கள். ரெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு மழையில் பகல் முழுவதும் நிற்க இடம் தேட வேண்டும். லூவ்ர் முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு அப்போது இன்னும் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை, தடுப்பு கட்டியிருந்தார்கள். அதன் ஓரமாக ஒரு வாசல் வளைவின் கீழ் இரண்டு மணி நேரம் நின்றேன்.

அன்று மாலை வடக்கு ரயில் நிலையம் தாண்டி ஃபோபூர் சேன் தெனி தெருப் பக்கம் போனபோது, "அண்ணை, எங்க போகோணும்?" என்று ஒரு குரல். யாழ்ப்பாணத்து இளைஞர். 1983க்குப் பிறகு வந்தவர். ஒரு சிறிய கடையில் வேலை. தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். என்னிடம் திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "நல்லது" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிக்கனமாக ஊர் பார்க்க வந்தவனுக்கும் ஊரே இல்லாமல் வந்தவருக்கும் உள்ள தூரம் அந்த மேசையளவுதான் இருந்தது. இன்று அந்தப் பகுதியே தமிழ்க் கடைவீதி. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயில் தேர் அந்தத் தெருக்களில்தான் ஓடுகிறது.

1991க்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செலாவணிச் சட்டம் 2000இல் மாறியது. 2004இல் ஒரு தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. பின்னர் அது இன்னும் உயர்ந்தது. பாஸ்போர்ட் அலுவலகம் 2007இல் மதுரைக்கே வந்துவிட்டது. நம் பக்கத்தில் இப்போது தடை ஏதும் இல்லை.

தடை இப்போது அந்தப் பக்கம். ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுத்தாலும் திரும்ப வராது. அதோடு 30,000 யூரோவுக்குக் காப்பீடு, வங்கிக் கணக்கு, தங்குமிட ஆதாரம், திரும்பும் டிக்கெட். என் தெருப் பெண் ஒரு வருடம் சேமித்து விண்ணப்பித்தாள். முதல் தடவை மறுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவைதான் கிடைத்தது. அன்று எங்களிடம் அங்கே யார் சோறு போடுவார் என்று நம் ரிசர்வ் வங்கி கேட்டது. இன்று அதே கேள்வியைத் தூதரகம் கேட்கிறது. பதில் சொல்ல முடியாதவன் அன்றும் வீட்டில் இருந்தான், இன்றும் இருக்கிறான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் வாங்கிய செலாவணியை வங்கிக்காரர் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்திலேயே எழுதி முத்திரை போடுவார். மதுரை, விருதுநகர், காரைக்குடிப் பக்கத்துக் குடும்பங்களில் அப்பாவுடைய, தாத்தாவுடைய பழைய பாஸ்போர்ட்டுகள் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். காலாவதி ஆனது என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூன்று பவுண்டோ எட்டு டாலரோ எழுதியிருந்தால், பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதை வைத்துக்கொண்டு அவர் முதல் வாரத்தை எப்படி ஓட்டினார் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.